பனியில் விளையாட எது நல்லது: எப்போதும் நான்கு சக்கரமா, தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமா?

மூன்று பனிக்காலங்கள் ஒரு சிறிய எஸ்யூவியை ஓட்டினேன். பின்கதவில் ஆல் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, என்று பொறித்திருந்தது, அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது சாதாரண நேரத்தில் முன்சக்கரங்களை மட்டும் சுற்றி, முன்னால் வழுக்கல் வந்த பிறகு பின்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளும் வகை. போன பனிக்காலம் தொடங்கும் முன் அதை விற்றுவிட்டு, மேனுவல் கியர் வைத்த பழைய சுபாரு இம்ப்ரெஸா ஒன்றை வாங்கினேன். இதில் நான்கு சக்கரங்களுக்கும் எந்நேரமும் இழுவை போய்க்கொண்டே இருக்கும். இரண்டு வண்டிகளையும் ஒரே திறந்த மைதானத்தில், ஒரே ரக பனி டயரில், ஆளில்லாத நேரத்தில், இடத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பனியில் வழுக்கி விளையாட இம்ப்ரெஸாதான். தினமும் வேலைக்குப் போய்வர என்று கேட்டால் என் பதில் வேறாக இருக்கும், அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். டயர் சரியில்லை என்றால் எந்த வண்டியானாலும் பயனில்லை. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்க வேண்டும். சேற்றுக்கும் பனிக்கும் என்று குறிக்கும் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. கோடை டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கிவிடும். அப்புறம், நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. 50 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டால் காய்ந்த தார்ச்சாலையில் ஏறக்குறைய 12 மீட்டரில் நிற்கும் வண்டி, இறுகிய பனியில் 50 மீட்டர் ஓடும், வழவழப்பான ஐஸில் 100 மீட்டரையும் தொடும். இந்தக் கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். அதனால் மைதானத்தின் ஓரத்தில் கம்பமோ கற்கட்டையோ இருக்கிறதா என்று பகலில் நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுவேன். பனி மூடிவிட்டால் கட்டையும் தரையும் ஒரே வெள்ளை.

சரி, இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் எங்கே தொடங்குகிறது? வண்டி திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வேறுவேறு தூரம் உருளும். அதனால் இரண்டு அச்சுகளையும் இறுக்கிக் கட்டிவிட முடியாது. இம்ப்ரெஸா மேனுவலில் இதற்காக நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் உண்டு, இரண்டு அச்சையும் வேறுவேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு. அது இழுவையை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிக்கும். ஒரு அச்சு மட்டும் வேகமாகச் சுற்ற ஆரம்பித்தால், அதோடு சேர்ந்திருக்கும் விஸ்கஸ் கப்ளிங்குக்குள் உள்ள கெட்டியான சிலிகான் திரவம் இரண்டு அச்சையும் பிடித்து ஒன்றாக இழுக்கும். இதில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை. என் எஸ்யூவியிலோ நடு டிஃபரென்ஷியலே கிடையாது. பின் அச்சுக்கு முன்னால் பல தட்டுகள் அடுக்கிய ஒரு க்ளட்ச் இருக்கும். அதை எப்போது, எவ்வளவு இறுக்குவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஆடி டிடி போன்ற வண்டிகளில் 1990களின் கடைசியில் வந்த ஹால்டெக்ஸ் என்ற க்ளட்ச் அமைப்பும் இந்தக் குடும்பம்தான். சுபாரு என்ற பெயரைப் பார்த்ததும் நடு டிஃபரென்ஷியல் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய சிவிடி கியர் (படிகள் இல்லாமல் தானாக மாறும் கியர்) வண்டிகளில் வழக்கமாக இருப்பதும் க்ளட்ச்தான். ஆனால் அது எப்போதும் ஓரளவு இறுகியே இருப்பதால், குணத்தில் நிரந்தர வகைக்கு நெருக்கமாக வரும்.

நான் வண்டியை மாற்றியது ஒரே ஒரு காரணத்துக்காக. அதைப் புரியவைக்க ஒரு வளைவைச் சொல்கிறேன்.

இரண்டாவது கியர், 30 கி.மீ. வேகம், இறுகிய பனிமேல் இரண்டு விரல் உயரம் புதுப்பனி. வளைவுக்குச் சற்று முன் ஆக்ஸிலேட்டரை விடுகிறேன். எடை முன்னால் சாய்கிறது, முன் டயர் பனியைக் கடிக்கிறது, பின்பக்கம் லேசாகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் பின்பக்கம் மெல்ல வெளியே நகர ஆரம்பிக்கிறது. கைக்குத் தெரிவதற்கு முன்பே இடுப்புக்குத் தெரிந்துவிடும். இனி மிதிக்க வேண்டியதுதான்.

இம்ப்ரெஸாவில் மிதித்த கணமே நான்கு சக்கரமும் சேர்ந்து பனியை வாரி இறைக்கும். மூக்கு வளைவின் உள்பக்கம் பார்த்தபடி இருக்க, வண்டி முழுவதும் கொஞ்சம் குறுக்காக வழுக்கிக்கொண்டே முன்னேறும். ஸ்டீயரிங் கிட்டத்தட்ட நேராகிவிடும். இன்னும் கொஞ்சம் மிதித்தால் வட்டம் விரியும், கொஞ்சம் விட்டால் சுருங்கும். பக்க ஜன்னல் வழியாகத் தெரிகிற இடத்தை நோக்கி வண்டி போய்க்கொண்டிருக்கும், அதை நடத்துவது வலது காலின் நுனி. பத்து முறை செய்தால் பத்து முறையும் இதேதான் நடக்கும்.

எஸ்யூவியில் அதே வளைவு, அதே வேகம். மிதித்ததும் முதலில் முன்சக்கரங்கள் மட்டும் சுழலும். பிடிப்பில்லாமல் சுழலும் சக்கரத்தால் வண்டியைத் திருப்ப முடியாது, அதனால் மூக்கு வளைவின் வெளிப்பக்கமாக ஓடும். நான் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவேன். அதற்குள் க்ளட்ச் இறுகி, பின்சக்கரங்களுக்கு இழுவை வந்து சேர்ந்து, பின்பக்கம் ஒரே வீச்சாக வெளியே வரும். ஸ்டீயரிங் இப்போது தேவைக்கு மேல் திரும்பிக் கிடக்கிறது. அவசரமாக எதிர்ப்பக்கம் திருப்புவேன். அந்த நேரம் பார்த்து, வழுக்கல் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் க்ளட்சைத் தளர்த்தும். மறுபடியும் முன்சக்கர வண்டி.

தாமதம் என்று பார்த்தால் நொடியில் ஒரு சிறு பங்குதான். சாலையில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. என்னை வாட்டியது அந்தத் தாமதத்தை விட, அது ஒவ்வொரு முறையும் வேறாக இருந்ததுதான். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, எவ்வளவு வேகமாக மிதித்தேன், க்ளட்ச் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பல கணக்குகளைப் பார்த்துக் கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது. இந்த வளைவில் சீக்கிரம் வரும், அடுத்த வளைவில் பிந்தி வரும். வழுக்கலை வேண்டுமென்றே தொடங்கி, பிடித்து வைத்து, நினைத்த இடத்தில் முடிப்பதுதான் இந்த விளையாட்டின் சந்தோஷம். மிதிக்கும் காலுக்கு ஒரே பதில் கிடைத்தால்தான் உடம்பு அதைப் பழகும். மூன்று பனிக்காலத்தில் எஸ்யூவியில் நான் கற்றுக்கொண்டதை விட அதிகமாக இம்ப்ரெஸாவின் முதல் இரண்டு சாயங்காலங்களில் கற்றுக்கொண்டேன்.

இதோடு சேர்ந்தது சூடு. க்ளட்ச் வேலை செய்வதே தட்டுகள் ஒன்றோடொன்று உரசித்தான். தொடர்ந்து வழுக்கிக்கொண்டே இருந்தால் அது சூடேறும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பின்சக்கரங்களை விட்டுவிடும். என் எஸ்யூவியில் இருபது நிமிட ஆட்டத்துக்குப் பிறகு மஞ்சள் விளக்கு எரிந்து வெறும் முன்சக்கர வண்டியாகிவிடும், கால் மணி நேரம் சும்மா நின்றால்தான் மீளும். எல்லாத் தயாரிப்பிலும் இப்படியா என்றால், நான் நீண்ட காலம் ஓட்டியது அந்த ஒன்றைத்தான், அதை வைத்து மற்றவற்றுக்குத் தீர்ப்பு எழுத மாட்டேன். விஸ்கஸ் கப்ளிங்கும் சூடேறும்தான், ஆனால் அதிலுள்ள திரவம் சூட்டில் விரிந்து இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். நடுவில் கைவிட்டுப் போகாது.

வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டையும் கவனியுங்கள். பல புதிய வண்டிகளில் அந்தப் பொத்தானை அழுத்தினாலும் முழுதாக அணையாது. வண்டி குறுக்காகப் போகும்போது ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்து, எஞ்சினையும் அடக்கிவிடும். உயிர் காக்கும் சாதனம், சாலையில் அதை நான் ஒருபோதும் அணைப்பதில்லை. மைதானத்தில் மட்டும் அணைக்க வேண்டியிருக்கும், அதனால் வாங்கும் முன்பே அது முழுதாக அணைகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. அதிகாலையில் இருட்டோடு கிளம்பி, பாதி தூரம் ஈரத்தார், பாதி தூரம் ஐஸ் என்று மாறிமாறி வரும் சாலையில் போக எஸ்யூவிதான் நிம்மதி. எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். புதிய தலைமுறை ஹால்டெக்ஸில் மின்சார பம்ப் இருப்பதால் வழுக்கல் வருவதற்கு முன்பே, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதே, க்ளட்சை இறுக்கி வைக்க முடிகிறது. நான் சொன்ன குறை அவற்றில் குறைந்திருக்கிறது. ஆனால் அவற்றில் இரண்டை மட்டுமே சிறிது நேரம் ஓட்டியிருக்கிறேன், சாலையில். மைதானத்தில் விட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

நிரந்தர வகையிலும் எல்லாம் ஒன்றல்ல. 1980இல் ஜெனீவா கண்காட்சியில் ஆடி குவாட்ரோ வந்தபோது நடு டிஃபரென்ஷியலை ஓட்டுபவரே பூட்ட வேண்டியிருந்தது. அந்த வண்டியின் ராலி வடிவத்தில்தான் மிஷேல் மூட்டோன் 1981இல் சான்ரெமோ ராலியை வென்றார், உலக ராலிப் போட்டியில் ஒரு சுற்றை வென்ற முதல் பெண் அவர். பிறகு ஆடி, பல்சக்கரங்களாலேயே இழுவையைப் பகிரும் டார்சன் என்ற டிஃபரென்ஷியலுக்கு மாறியது. டார்சன் மிக வேகமாகவும் மென்மையாகவும் வேலை செய்யும். ஆனால் வழுக்கும் அச்சு தாங்கும் இழுவையைப் பெருக்கித்தான் அது மற்ற அச்சுக்குக் கொடுக்கும், வழுக்கும் அச்சுக்குச் சுத்தமாகப் பிடிப்பே இல்லாவிட்டால் பெருக்கிக் கொடுக்க ஒன்றும் இருக்காது. பழைய குவாட்ரோக்கள் கிடைத்தால் என் பட்டியலில் அவையும் உண்டு, பாகங்கள் தேடுவதுதான் பாடு.

முன்சக்கர வண்டியும் ஹேண்ட்பிரேக்கும் போதுமே என்பவர்கள் உண்டு. சிறிய இடத்தில் அது நல்ல விளையாட்டு. பின்சக்கர வண்டியில் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் திருத்தும் பழக்கம் நன்றாக வரும், ஆனால் சற்று ஆழமான பனியில் சிக்கிக்கொண்டு பாதி நேரம் மண்வாரியோடு போய்விடும்.

பராமரிப்பில் இரண்டு ஆல் வீல் டிரைவும் ஒரே கண்டிப்பு: நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். டயரின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்குள், இருக்க வேண்டும் என்று சுபாரு சொல்கிறது. பள்ளத்தின் ஆழத்தில் அது வெறும் 1 மில்லிமீட்டர். சுற்றளவு 2 மீட்டர் உள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டரில் 500 முறை சுற்றும். 6 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் கிலோமீட்டருக்கு ஒன்றரைச் சுற்று முரண்பாடு. அதை நடு டிஃபரென்ஷியலோ க்ளட்சோ ஓயாமல் விழுங்கிக்கொண்டிருக்கும். ஒரு டயர் கிழிந்தால் ஒன்றை மட்டும் வாங்கிப் போட முடியாது என்பதைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து சாலைக்கு வரும் முன் ரிம்முக்குள் அப்பியிருக்கும் பனியைத் தட்டிவிடுவதும் முக்கியம். முதல் நாள் அதைச் செய்யாமல் கிளம்பினேன். 80 கி.மீ. தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கியது, ஏதோ ஒடிந்துவிட்டது என்று பயந்து ஓரம் கட்டினேன். உள்ளங்கை அளவு பனிக்கட்டி ரிம்மின் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார் வைத்த மின்சார வண்டியை ஒரே ஒரு சாயங்காலம் ஓட்டினேன். காலுக்குப் பதில் உடனே வந்தது, தாமதம் என்று எதையும் நான் உணரவில்லை. எடை மட்டும் தெரிந்தது, வழுக்க ஆரம்பித்தால் அடங்க நேரம் பிடித்தது. ஒரு சாயங்காலத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாங்கப்போகும் வண்டி எந்த வகை என்று விற்பவரிடம் கேட்பதை விட பனியிடமே கேட்கலாம். புதுப்பனி விழுந்த காலி இடத்தில், 15 கி.மீ. வேகத்தில் ஒரே வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். சட்டென்று மிதியுங்கள், இரண்டு நொடியில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். வட்டத்தில் பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்துக்கு உள்பக்கமாகத் தனியாகத் தெரியும். சக்கரம் சுழன்ற இடத்தில் பனி சீவப்பட்டுப் பளபளக்கும். எஸ்யூவியில் வெளித்தடம் முதலில் பளபளத்து, ஒரு காலடி தூரம் தள்ளித்தான் உள்தடம் சேர்ந்துகொண்டது. இம்ப்ரெஸாவில் இரண்டும் ஒன்றாகவே தொடங்கியிருந்தன.