மலிவு காரா, டூவீலரா, டவுன் பஸ்ஸா?

2008 ஜனவரி 10 அன்று டெல்லி ஆட்டோ எக்ஸ்போ மேடைக்கு ரத்தன் டாடா தன் நிறுவனத்தின் புதிய நானோ காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். விலை ஒரு லட்சம் ரூபாய். ஒரே ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் மழையில் நனைந்துகொண்டே போனதைப் பார்த்ததுதான் அந்தக் காருக்குக் காரணம் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். உடனே எதிர்க்குரலும் கிளம்பியது. ஏற்கெனவே நகர முடியாத நம் நகரங்களில் இன்னும் லட்சக்கணக்கில் கார்கள் இறங்கினால் என்ன கதி என்று கேட்டார்கள்.

நானோ இப்போது இல்லை. 2018-லேயே உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதும் மாருதி எஸ்-பிரெஸ்ஸோ மூன்றரை லட்சத்துக்கு வந்தது. டூவீலர் வைத்திருப்பவர்களைக் காருக்கு இழுப்பதுதான் குறி. ஆகவே மலிவு கார், டூவீலர், டவுன் பஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். பெரிய நகரத்துக்கு பஸ்தான். மலிவு கார் அங்கே தீர்வு இல்லை. ஆனால் பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களில் அதே கார் நியாயமான வண்டி. இந்த இரண்டு இடங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் நானோ விவாதம் கடைசிவரை எங்கேயும் போய்ச் சேரவில்லை.

உயிர் பயம்

மலிவு காரை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் பாதுகாப்பு. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் ஒரு பிள்ளையை நிற்க வைத்து, பின்னால் மனைவி ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் கைக்குழந்தையோடு போகும் குடும்பத்தைத் தினமும் பார்க்கிறோம். ஹெல்மெட் பெரும்பாலும் ஓட்டுகிறவர் தலையில் மட்டும். அந்த அம்மாவிடம் போய் "கார் வாங்காதீர்கள், சாலை நெரிசலாகிவிடும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, நானோ அவர்களுக்கு என்ன கொடுத்தது? சுமார் 600 கிலோ எடை, பின்னால் 624 சிசி இரண்டு சிலிண்டர் என்ஜின், கண்ணாடிக்கு ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட். அடிப்படை மாடலில் ஏசி இல்லை. பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. ஆரம்ப வண்டிகளில் டிக்கியை வெளியிலிருந்து திறக்கவே முடியாது. பின் சீட்டை மடக்கி உள்ளிருந்துதான் பையை வைக்க வேண்டும். ஏர்பேக் கிடையாது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது நானோவுக்குக் கிடைத்தது பூஜ்யம் ஸ்டார். அந்தச் சுற்றில் ஆல்டோ 800 உட்பட வேறு கார்களும் பூஜ்யம்தான் வாங்கின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் பூஜ்யம் ஸ்டார் என்பதை இடம் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். இருபது, முப்பது கி.மீ. வேகத்தில் ஊரும் நகரச் சாலையில், மணலில் வழுக்கியோ பஸ் உரசியோ ஸ்கூட்டரிலிருந்து விழுகிறவரைவிட ஒரு தகரக் கூட்டுக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் பிழைக்க வாய்ப்பு அதிகம். நாலுவழிச் சாலையில் லாரிக்கு எதிரே அதே கார் பெரிய ஆறுதல் தராது. ஆக, டூவீலரோடு ஒப்பிட்டால் மலிவு கார் பாதுகாப்பில் ஜெயிக்கிறது. பஸ்ஸோடு ஒப்பிட்டால் தோற்கிறது.

சாலையில் யார் எவ்வளவு இடம் பிடிக்கிறார்கள்?

சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு 1990-இல் வெளியிட்ட நகரச் சாலை விதிமுறையில், ஒவ்வொரு வண்டியும் சாலையில் பிடிக்கும் இடத்துக்கு ஒரு மதிப்பு வைத்திருக்கிறார்கள். கார் 1 என்றால் டூவீலர் 0.5 முதல் 0.75 வரை, ஆட்டோ 1.2 முதல் 2 வரை, பஸ் 2.2 முதல் 3.7 வரை. அந்த வகை வண்டி சாலையில் கூடக் கூட மேல் மதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். மேல் மதிப்பையே வைத்துக் கணக்குப் போடுவோம்.

அறுபது பேரோடு போகும் பஸ் ஒன்று, ஒரு கார் பிடிக்கும் இடத்தில் பதினாறு பேரைக் கொண்டு போகிறது. நானோவில் நான்கு பேர் போனால் நான்கு. டூவீலரில் இரண்டு பேர் போனால் அதே இடத்துக்கு இரண்டரையைக் கொஞ்சம் தாண்டும். அதாவது நிறைந்த நானோ, இருவர் போகும் டூவீலரைவிடச் சாலையைச் சிக்கனமாகவே பயன்படுத்துகிறது. நானோவை ஒரேயடியாகத் திட்டியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஆனால் காலை ஒன்பது மணிக்கு வடபழனி சிக்னலில் நின்று பாருங்கள். கார்களில் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். குடும்பத்துக்கென்று வாங்கிய கார் வாரத்தில் ஆறு நாள் ஆபீஸ் வண்டியாகிவிடுகிறது. தனியாக டூவீலரில் போனவர் தனியாகக் காரில் போக ஆரம்பித்தால், சாலையில் மூன்றில் ஒரு பங்கு இடம் கூடுதலாக எடுக்கிறார். போய்ச் சேர்ந்து நிறுத்தும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. ஒரு கார் நிற்கும் இடத்தில் நாலைந்து டூவீலர் தாராளமாக நிற்கும்.

நிறுத்துமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கார் விலையில் இது எங்கேயும் சேர்வதில்லை. திறந்தவெளியில் ஒரு காரை நிறுத்த, உள்ளே வெளியே போகும் வழியையும் சேர்த்து, நம் நகரத் திட்டங்கள் ஒதுக்கும் இடம் 23 சதுர மீட்டர். பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2015-இல் தொடங்கியபோது நகரத்து ஏழைக் குடும்பத்துக்கான வீட்டின் உள்பரப்பு 30 சதுர மீட்டர் வரைதான். ஒரு லட்ச ரூபாய் கார் நிற்க, ஒரு குடும்பம் வாழும் வீட்டின் முக்கால் பங்கு நிலம் வேண்டும். அதையும் காரின் சொந்தக்காரர் கொடுப்பதில்லை. தெருவில் நிறுத்துகிறார். நடைபாதை அதோடு போகிறது. பிள்ளையைக் கையில் பிடித்து நடக்கிற அம்மா நடுரோட்டுக்கு இறங்குகிறார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நானோவின் நீளம் 3.1 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு நானோ நிற்கும் இடத்தை ஒரு இன்னோவா பிடித்துக்கொள்கிறது. நெரிசல்தான் கவலை என்றால் முதலில் கேள்வி கேட்க வேண்டியது பெரிய வண்டிகளை. ஏழை கார் வாங்கப் போகிறான் என்றதும் மட்டும் சாலையைப் பற்றிக் கவலை வந்தது நியாயமே இல்லை. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அப்போதே இதைச் சரியாகப் பிடித்தது: கோளாறு நானோவில் மட்டும் இல்லை, எல்லாக் கார்களிலும் இருக்கிறது, காரைவிட பஸ்ஸுக்கு அதிக வரி போடும் அமைப்பில் இருக்கிறது.

இந்தோனேசியாவிலும் இதே சண்டை நடந்தது. 2013-இல் அந்த நாட்டு மத்திய அரசு வரிச்சலுகை கொடுத்து மலிவான பசுமைக் கார்களைக் கொண்டுவந்தபோது, அன்றைக்கு ஜகார்த்தா ஆளுநராக இருந்த ஜோகோ விடோடோ வெளிப்படையாக எதிர்த்தார். தலைநகரத்துக்கு வேண்டியது மலிவான பொதுப் போக்குவரத்து, மலிவான கார் இல்லை என்பது அவர் பேச்சு. கார்கள் வரத்தான் செய்தன.

பஸ் ஏன் தோற்கிறது?

செலவில் பஸ்ஸை அடிக்க எதுவும் இல்லை. தினம் 20 கி.மீ., மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் 500 கி.மீ. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய். ஊருக்குள் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கும் சிறிய காருக்கு மூவாயிரத்துக்கு மேல். 45 கி.மீ. கொடுக்கும் ஸ்கூட்டருக்கு ஆயிரத்து நூறு. சென்னை மாநகர பஸ்ஸில் ஆயிரம் ரூபாய் பாஸ் எடுத்தால் மாதம் முழுக்கச் சுற்றலாம். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே இல்லை. இதில் காரின் மாதத் தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எதையும் நான் சேர்க்கவில்லை.

அப்புறம் ஏன் எல்லோரும் டூவீலர் வாங்குகிறார்கள்? நேரம். பஸ் எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் ஏற முடியுமா தெரியாது. ஏறினாலும் அது கார்களுக்குப் பின்னால்தான் நின்று நின்று போகும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தில் டூவீலர்க்காரர் வீட்டில் இருப்பார். இறங்கின பிறகு வீடுவரை வெளிச்சமில்லாத தெரு. ஷேர் ஆட்டோ அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கிறது, அதுவும் எட்டு மணிக்கு மேல் ஆட்கள் நிரம்பினால்தான் கிளம்பும்.

டெல்லி கதை இங்கே முக்கியம். நானோ அறிமுகமான அதே 2008-இல் அதே டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. தூரத்துக்கு பஸ்களுக்கென்று நடுவில் தனிப் பாதை போட்டார்கள். பஸ்கள் அதில் வேகமாகப் போயின. பக்கத்துப் பாதையில் கார்கள் தேங்கின. கார்க்காரர்கள் கொதித்தார்கள், வழக்கு நீதிமன்றம்வரை போனது. 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தனிப் பாதையை நீக்க மறுத்தது. இருந்தும் 2016-இல் அரசே அதை இடித்துவிட்டது. வடிவமைப்பில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. குறைகளைச் சரிசெய்திருக்கலாம். சாலையில் பெரும்பாலான ஆட்களைச் சுமந்த வண்டிக்குக் கொடுத்த இடத்தை, குறைந்த ஆட்களைச் சுமந்த வண்டிகளுக்காகப் பிடுங்கினார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது. மலிவு கார் நகரத்துக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு மூல காரணமும் இதுதான். கார் வைத்திருப்பவர் எண்ணிக்கை கூடக் கூட, பஸ்ஸுக்கு இடம் கேட்கும் குரல் அடங்கிப்போகிறது.

ஊர்ப்பக்கம் வேறு கணக்கு

பெரம்பலூர்ப் பக்கம் சித்தப்பா ஒருவர் பழைய நானோ வைத்திருக்கிறார். ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். "மோட்டார் சைக்கிள்ல உங்க ஆயாவை எப்படிப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார். ஆயாவுக்கு முட்டி வலி. தாழ்வான காரில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நானோவின் சீட் நாற்காலி போல நிமிர்ந்து உயரமாக இருப்பதால் கதவைத் திறந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். வண்டி மாதத்தில் சில நாள்தான் ஓடுகிறது. மற்ற நாள் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அது யாருடைய வழியையும் மறிக்கவில்லை.

அந்த வீட்டுக்கு நானோ ஆடம்பரம் கிடையாது. பேறுகாலம், பாம்புக்கடி, நடு இரவு காய்ச்சல், கல்யாணத்துக்குப் பெரியவர்களைக் கூட்டிப்போவது என்று அதற்கு வேலை இருக்கிறது. முன்பு இதற்கெல்லாம் வாடகைக் காரைக் கெஞ்சி வரவழைக்க வேண்டியிருந்தது.

நானோ சந்தையில் தோற்றதற்கும் நெரிசலுக்கும் சம்பந்தம் இல்லை. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நடந்த நிலப் போராட்டத்தால் ஆலை குஜராத்தின் சாணந்துக்கு மாறியது, 2010-இல் சில வண்டிகள் தீப்பிடித்தன, விலை ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலாக "ரொம்ப மலிவான கார்" என்ற பெயர். அப்படி விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக் கட்டிய ஆலை, விற்பனை உச்சத்தில் இருந்த 2011-12-இல்கூட எழுபத்தைந்தாயிரத்தை எட்டவில்லை. ஆட்டோவுக்கும் காருக்கும் நடுவில் பஜாஜ் கொண்டுவந்த க்யூட் என்ற நாலு சக்கர வண்டி அதைவிடக் குறைவாகத்தான் கண்ணில் படுகிறது.

உண்மையில் இன்றைய ஒரு லட்ச ரூபாய் கார் பழைய கார்ச் சந்தையில்தான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருட ஆல்டோக்களும் மிச்சமிருக்கும் நானோக்களும் ஊர் ஊராகக் கை மாறுகின்றன. பஸ் கிடைக்கிற நகரத்தில் இருப்பவர் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். ஊர்ப்பக்கம் வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள், முடிந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்து 2022 அல்லது அதற்குப் பிறகு தயாரான வண்டியாகப் பாருங்கள். முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2021 முடிவில்தான். சடன் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரலிலிருந்து உண்டு. அவ்வளவு பணம் இல்லை, பழையதுதான் கட்டுபடியாகும் என்றால், டயரை மாற்றிவிட்டு, பின் சீட் பெல்ட் சரியாக மாட்டுகிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். நாலுவழிச் சாலைக்கு அதைக் கொண்டு போகாதீர்கள்.