மணிக்கட்டு ஆஞ்சியோ: இறுக்கிக் கட்டுவதா, ஓட்டம் விட்டு அழுத்துவதா?

மணிக்கட்டு வழியாக இதய ஆஞ்சியோ செய்தபின், ரத்தம் நிற்கத் துளையை அழுத்துகிறோம். அப்போது கட்டைவிரல் பக்கத்து ரேடியல் தமனி அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் வலிக்காது. உள்ளங்கைக்குச் சுண்டுவிரல் பக்கத்து உல்னார் தமனி ரத்தம் கொடுத்துவிடும். ஆனால் அடுத்த ஸ்டென்டுக்கு அந்த வழி கிடைக்காது. பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அந்த மணிக்கட்டில் ஃபிஸ்டுலாவும் (தமனியையும் சிரையையும் சேர்க்கும் இணைப்பு) போட முடியாது.

காஸ் சுருணை வைத்து இலாஸ்டிக் பிளாஸ்டர் ஒட்டுவது மலிவு. எங்கள் டெல்டாவின் சிறிய ஊர்களிலும் கிடைக்கும். கோளாறு என்னவென்றால், ரத்தம் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் இழுத்து ஒட்டி, நான்கைந்து மணி நேரம் அப்படியே விட்டுவிடுகிறோம். ஷீத் (தமனிக்குள் செருகிய குழாய்) உரசிய உள்சுவர், அதன்மேல் தேங்கி நிற்கும் ரத்தம்: உறைவதற்கு வேறென்ன வேண்டும்?

மணிக்கட்டில் கட்டிக் காற்றேற்றும் பட்டையில் அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தோலில் தெரியும் துளையைவிடத் தமனியின் துளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முழங்கைப் பக்கமாக இருக்கும். அந்த இடத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும். 13 முதல் 15 மில்லி காற்று ஏற்றி ஷீத்தை உருவுங்கள். பிறகு காற்றை மெல்ல இறக்குங்கள். ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்ததும் 1 முதல் 2 மில்லி திரும்ப ஏற்றுங்கள். இனிதான் முக்கியமான வேலை. கட்டைவிரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, சுண்டுவிரல் பக்கத்து உல்னார் தமனியை அழுத்துங்கள். திரையில் நாடி அலை தொடர்ந்து தெரிந்தால் பட்டைக்கு அடியில் ஓட்டம் இருக்கிறது. அலை படுத்துவிட்டால் 1 மில்லி குறைத்து மறுபடி பாருங்கள். கசியாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பட்டையைக் கழற்றிவிடலாம்.

2008இல் வெளியான ஓர் ஆய்வில் இரு பிரிவினருக்கும் ஒரே வகைப் பட்டைதான். வழக்கம்போல் இறுக்கியவர்களில் 24 மணி நேரத்தில் 12% பேருக்கு அடைப்பு. ஓட்டம் விட்டு அழுத்தியவர்களில் 5%. ஆகவே காப்பது பட்டையல்ல, பார்த்துப் பார்த்து அழுத்தும் கை. நடவு வேலைக்குப் போகும் பெண்ணின் ஒல்லியான மணிக்கட்டில் 18 மில்லியையும் ஏற்றி மறந்துவிட்டால், விலை கூடிய பட்டையும் பிளாஸ்டரும் ஒன்றுதான். பட்டை இல்லாத இடத்தில் பிளாஸ்டரை அரை மணிக்கொரு முறை தளர்த்தி, அதே ஆக்சிமீட்டர் சோதனையைச் செய்யலாம்.

ஒல்லிக் கைக்கு முடிந்தவரை 6 ஃபிரெஞ்சு (குழாயின் தடிமன் அளவு) ஷீத்தைவிட 5 ஃபிரெஞ்சே நல்லது. வெறும் பரிசோதனை ஆஞ்சியோ என்பதால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைக் குறைக்காதீர்கள். கிலோவுக்கு 50 யூனிட்டைவிட 100 யூனிட் அடைப்பை நன்றாகத் தடுக்கிறது.

கட்டைவிரல் அடிக்குழி வழியாகப் போவதா, வழக்கமான மணிக்கட்டா? 2022இன் பெரிய ஒப்பீட்டில் இரண்டு தரப்பிலும் தடுப்பு முறைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்ததால் அடைப்பு 1 சதவீதத்துக்கும் கீழேதான். குழி வழியில் தோற்று இடம் மாற்ற நேர்ந்தவர்கள்தான் அதிகம். பழகிய கைக்கு மட்டும் அது.

வேதாரண்யத்துக்கோ திருத்துறைப்பூண்டிக்கோ பேருந்து ஏறுமுன் நாடியைத் தொட்டுப் பார்த்து அனுப்பினால் போதாது. அடைத்த தமனியிலும் உள்ளங்கையிலிருந்து எதிர்த்து வரும் ரத்தம் துடிக்கும். உல்னாரை அழுத்தி அலையைப் பாருங்கள். அலை இல்லையா? உல்னாரை ஒரு மணி நேரம் அழுத்தி வைத்தால், புதிய அடைப்பு பலருக்குத் திறந்துகொள்ளும். ஊர் போய்ச் சேர்ந்தபின் அந்த வாய்ப்பு கிடைக்காது.