விதியும் பொறுப்பும்: கிரிசிப்பஸா, எபிக்டெட்டஸா?

எல்லாம் விதிப்படி என்றால் குற்றவாளியை ஏன் குறை சொல்ல வேண்டும்? பண்டைய கிரேக்க-ரோமானியத் தத்துவப் பள்ளியான ஸ்டோயிக் மரபுக்குள்ளேயே இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

அடிப்படை
கிரிசிப்பஸ் (கி.மு. 3ஆம் நூற்றாண்டு): உருளையைத் தள்ளுவது வெளிக்காரணம், அது உருண்டு ஓடுவது தன் வடிவத்தால். அதுபோல, மனதில் படும் தோற்றம் நம்மைத் தள்ளுகிறது, அதற்கு இசைவது (அதைச் சரியென ஏற்பது) நம் குணத்தால். ஆகவே விதிக்குள் நடந்தாலும் செயல் நம்முடையதே.
எபிக்டெட்டஸ் (கி.பி. 1–2ஆம் நூற்றாண்டு): உடல், சொத்து, பதவி நம் கையில் இல்லை, இசைவும் விருப்பும் வெறுப்பும் நம் கையில்.

"பிழைப்பது விதியானால் மருத்துவர் எதற்கு?"
கிரிசிப்பஸின் பதில் வலுவானது: மருத்துவரை அழைப்பதும் பிழைப்பதோடு சேர்த்தே விதிக்கப்பட்டது. எபிக்டெட்டஸ் இந்தத் தர்க்கத்தில் அதிகம் நேரம் செலவிடுவதில்லை.

இடறும் இடம்
கிரிசிப்பஸ்: உருளைக்கு அந்த வடிவம் எங்கிருந்து வந்தது? குணமும் விதியின் விளைவுதானே. குணம் எப்படி உருவாகியிருந்தாலும் செயல் அதைச் செய்தவன் வழியாகவே வந்தது என்பார்கள் கிரிசிப்பஸ் தரப்பினர். அது பாதி பதில்தான்.
எபிக்டெட்டஸ்: "விளைவு என் கையில் இல்லை" என்பதைக் கைகழுவும் சாக்காக வாசிப்பவர்கள் அதிகம். மகன், சகோதரன், குடிமகன் என்ற கடமைகளை அவர் விடாமல் வற்புறுத்துவதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

படிக்க
கிரிசிப்பஸின் நூல் ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. சிசரோ, கெல்லியஸ் போன்ற பிற்கால எழுத்தாளர்கள் வழியாகவே பெரும்பாலும் அறிய வேண்டும். எபிக்டெட்டஸின் பாடங்களை மாணவர் அரியன் எழுதிவைத்ததில் நான்கு நூல்கள் கிடைக்கின்றன.

தண்டனை, குற்றப்பொறுப்பு பற்றி வாதிடுவோருக்குக் கிரிசிப்பஸ். கோபத்துக்கு இசைவதா வேண்டாமா என்று அன்றாடம் பழக விரும்புவோருக்கு எபிக்டெட்டஸ்.