முப்பதுகளில் இருப்பவரிடம் 'புரோஸ்டேட் வீக்கம், உடனே லேசர்' என்று சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

வயது நாற்பதைத் தொடாத ஒருவர் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்று போய் நின்றால், ஒரே ஒரு ஸ்கேனை வைத்துக்கொண்டு "புரோஸ்டேட் வீங்கியிருக்கு சார், லேசர் பண்ணிடலாம்" என்று தேதி குறித்துவிடும் இடங்கள் இருக்கின்றன. புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. அப்படி ஒரு இடத்தில் முன்பணம் கட்டி, ஆபரேஷன் தேதி வரை போய்த் திரும்பியவன் நான். பெயரைப் போடவில்லை. இந்த ஆட்கள் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பேசும் பேச்சு மட்டும் மாறாது. அதனால் அந்தப் பேச்சைத்தான் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு வயது 36. தொந்தரவு அதற்குச் சில வருடங்கள் முன்பே தொடங்கிவிட்டது. போய் நின்றால் உடனே வராது. முக்கினால் இன்னும் மோசம். வந்தாலும் மெல்லிசாக, விட்டு விட்டு வரும். முடிந்தது என்று நினைத்து வெளியே வந்த பிறகு உள்ளாடையில் நாலு சொட்டு. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். பொதுக் கழிப்பறையில் பின்னால் யாராவது நின்றால் சுத்தமாக வராது. நீண்ட பயணம் என்றால் முந்தின நாளே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். இதை யாரிடம் சொல்வது? நண்பர்களிடம் சொன்னால் "தாத்தா வியாதிடா" என்று சிரிப்பார்கள். மனைவியிடம் சொல்லவே வெகுநாள் ஆயிற்று.

இப்படி வாயைத் திறக்க முடியாமல் ராத்திரியில் செல்போனில் தேடுபவர்களைக் குறிவைத்துத்தான் விளம்பரம் வருகிறது. "ரகசிய ஆலோசனை, முற்றிலும் இலவசம்." எண்ணைப் பதிந்த சற்று நேரத்துக்கெல்லாம் அழைப்பு வந்தது. டாக்டர் என்று சொல்லிக்கொண்டவர் தூக்கம் எப்படி, தாம்பத்தியம் எப்படி, மன உளைச்சல் உண்டா என்றெல்லாம் பரிவாகக் கேட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை உண்டா, எப்போதாவது சிறுநீர் பிரிய டியூப் போட்டிருக்கிறார்களா, அடிபட்டதா என்று எதுவும் கேட்கவில்லை. கடைசியில் மூன்று கட்ட மூலிகை கோர்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

டப்பாவில் சா பால்மெட்டோ என்ற பனைவகைப் பழத்தின் சாறு, பூசணி விதை, துத்தநாகம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே அளவு எதுவும் இல்லாமல் "சிறப்பு மூலிகைக் கலவை". கூடவே வந்த கையேட்டில் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்து. அந்த ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று பிறகு தேடிப் படித்தேன். 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் 225 பேருக்கு ஒரு வருடம் சா பால்மெட்டோவோ மருந்தில்லாத வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அளவு போதவில்லையோ என்று 2011இல் இன்னொரு ஆய்வில் 369 பேரிடம் வழக்கமான அளவைப்போல மூன்று மடங்கு வரை கொடுத்தும் பார்த்தார்கள். அப்போதும் வெற்று மாத்திரையைவிட ஒன்றும் கூடுதலாகக் கேட்கவில்லை. இரண்டுமே 45 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களிடம், அதாவது புரோஸ்டேட் நிஜமாகவே பெருத்திருக்கக்கூடிய வயதினரிடம் நடந்தவை.

மாத்திரையால் பலன் இல்லை என்று போனில் அந்த டாக்டரிடம் சொன்னதும் "உள்ளே கழிவு வெளியேறுது சார், முதல்ல அதிகமாத்தான் தெரியும்" என்றார். இரண்டாம் கட்டத்திலும் அதே பதில். மூன்றாம் கட்டத்துக்கு முன் குரல் மாறியது. "உங்க கேஸ் கொஞ்சம் முத்திப்போச்சு. எங்க கூட்டு ஆஸ்பத்திரியில ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்." யோசித்துப் பார்த்தால் கோர்ஸ் என்பதே ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கும் வழிதான்.

அந்த ஸ்கேனை எடுத்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வயிறு வெடிக்கும்வரை தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். முட்டிக்கொண்டு வந்த பிறகும் வெகுநேரம் உட்காரவைத்தார்கள். படம் எடுத்து முடித்து, "சீக்கிரம் போயிட்டு வாங்க" என்று தாழ்ப்பாள் சரியில்லாத ஒரு கழிப்பறைக்கு அனுப்பினார்கள். வெளியே அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு எவ்வளவு வந்திருக்கும்? மறுபடி படுக்கவைத்துப் பார்த்து, மீதம் 140 மி.லி. தங்கியிருக்கிறது என்று எழுதினார்கள். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பியிருந்தால் நல்ல உடம்புக்காரருக்கே கூடுதலாக மீதம் நிற்கும். நிதானமாகப் போகவிட்டு மறுபடி அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. அறிக்கையில் புரோஸ்டேட் 29 கிராம், "கிரேடு 1 வீக்கம்" என்று இருந்தது. இளவயது ஆணுக்குச் சாதாரணமாக 20 கிராமை ஒட்டி இருக்கும். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி அதை 0.52ஆல் பெருக்குவதுதான் கணக்கு என்பதால், வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் அளக்கும் கை கொஞ்சம் மாறினாலே சில கிராம் கூடும், குறையும். அளவுக்கும் தொந்தரவுக்கும் நேரான சம்பந்தமும் கிடையாது. பெரிய புரோஸ்டேட்டோடு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு.

அப்புறம் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் காகிதத்தில் படம் வரைந்தார். "இப்படியே விட்டா கிட்னி போயிடும். கேன்சரா மாறவும் சான்ஸ் இருக்கு." நான் வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த மனைவி அறிக்கையைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, ரெண்டு கிட்னியும் நார்மல்னு இதுலயே போட்டிருக்கே?"

போட்டிருந்தது. சிறுநீரகங்களில் வீக்கம் இல்லை, சிறுநீர்ப்பைச் சுவர் தடிக்கவில்லை என்று அவர்கள் எடுத்த ஸ்கேனே சொன்னது. நாள்பட்ட அடைப்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கெடுத்தால் அது ஸ்கேனில் வீக்கமாகவும், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் ஏற்றமாகவும் தெரியும். கிரியாட்டினினை அவர்கள் பார்க்கவே இல்லை. கேன்சர் பேச்சு இன்னும் மோசம். இந்தச் சாதாரண வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம், ஆனால் ஒன்று மற்றொன்றாக ஆகாது.

இவ்வளவும் பேசியவர்கள் பேசாமல் விட்டது ஒன்று உண்டு. எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. "ஆபரேஷனால் அதில் ஏதாவது பிரச்சினை வருமா?" என்று நேராகவே கேட்டேன். "ஆண்மைக்கு எந்தப் பாதிப்பும் வராது சார், நான் கேரண்டி" என்றார். விறைப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அது சரிதான். ஆனால் புரோஸ்டேட்டின் உட்பகுதியைச் செதுக்கி எடுக்கும் டி.யூ.ஆர்.பி.யிலும், லேசரால் குடைந்தெடுக்கும் முறையிலும் பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை, சிறுநீரோடு போய்விடும். ஆனால் இயல்பாகக் குழந்தை உண்டாவது கஷ்டம், பிறகு சரியாகும் என்றும் எதிர்பார்க்க முடியாது. 70 வயதுக்காரர் இதைக் கேட்டுத் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். 36 வயதில் குழந்தைக்காகக் காத்திருப்பவனிடம் இதை மறைத்துக் கையெழுத்து வாங்குவதை நான் மோசடி என்றுதான் சொல்வேன். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாத மாதிரியே ஒரு பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தேதிவரைக்கும் சாப்பிட என்று எழுதிக் கொடுத்த மாத்திரையிலும் டூட்டாஸ்டரைடு சேர்ந்திருந்தது. பெருத்த புரோஸ்டேட்டைச் சுருக்கும் மருந்து அது. பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகும். சின்னப் புரோஸ்டேட்டில் பெரிதாகப் பயன் இல்லை. விந்தின் அளவையும் அணுக்களின் எண்ணிக்கையையும் குறைக்கக்கூடியது, புரோஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் அளவைப் பாதியாக இறக்கிக் காட்டுவது. கர்ப்பமாக இருக்கும் அல்லது ஆகக்கூடிய பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்பார்கள். இதில் ஒரு வார்த்தைகூட எங்களிடம் சொல்லப்படவில்லை.

"இன்னிக்கே முன்பணம் கட்டினா சலுகை" என்றார்கள், கட்டினோம். ஃபைல் அவர்களிடமே இருக்கட்டும் என்றார்கள். மனைவி விடாமல் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்தப் போட்டோக்களோடுதான் வேறு ஒரு யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம்) போனோம்.

அவர் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு காகிதத்தை நிரப்பச் சொன்னார். தொந்தரவு எவ்வளவு என்று ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. 7 வரை லேசானது, 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மூன்று நாளுக்கு எவ்வளவு குடிக்கிறேன், எப்போது எவ்வளவு போகிறேன் என்று அளந்து எழுதி வரச் சொன்னார். யூரின் டெஸ்ட், கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர், சர்க்கரை, கிரியாட்டினின் பார்த்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டவர், மூக்கடைப்புக்கும் அலர்ஜிக்கும் நான் அடிக்கடி போடும் மாத்திரையில் வந்ததும் நிறுத்தினார். சூடோஎஃபெட்ரின் போன்ற மூக்கடைப்பு மருந்து சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும், பழைய வகை அலர்ஜி மருந்துகள் பையின் தசையைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்த மாத்திரையைத்தான் ஜலதோஷம் வரும்போதெல்லாம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இலவச ஆலோசனையில் இந்தக் கேள்வி ஒன்றாவது வந்திருக்கலாம்.

பிறகு யூரோஃப்ளோ, அதாவது சிறுநீர் வரும் வேகத்தை அளக்கும் பரிசோதனை. புனல் வைத்த கருவியில் சாதாரணமாகப் போனால் போதும், வலி கிடையாது. குறைந்தது 150 மி.லி. போனால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். வேகம் நொடிக்கு 15 மி.லி.க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது, 10க்குக் கீழ் என்றால் அடைப்பாக இருக்கலாம். எனக்கு 9. மீதத்தை நிதானமாக அளந்தபோது 140 என்று இருந்தது 40 ஆனது. வேகம் குறைவு என்பதை மட்டும் வைத்து அடைப்பா, பையின் தசை பலவீனமா என்று சொல்ல முடியாது என்பதால், மெல்லிய குழாய் போட்டு அழுத்தத்தை அளந்து, கூடவே எக்ஸ்ரேயும் பார்க்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை செய்தார். இது சுகமான அனுபவம் இல்லை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் விடை அதில்தான் கிடைத்தது. பை நன்றாகவே அழுத்துகிறது, அதன் கழுத்துப் பகுதி மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. இளவயதில் இது தெரிந்த பிரச்சினை. புரோஸ்டேட்டின் மேல் தப்பே இல்லை.

இந்த வயதில் காரணம் வேறாக இருக்க வாய்ப்புகள் நிறைய என்றார். சிறுநீர்க் குழாயில் தழும்பு விழுந்து சுருங்குவது, புரோஸ்டேட் அழற்சி, இடுப்புத்தளத் தசைகள் தளராமல் இறுகியே இருப்பது, சர்க்கரையால் நரம்பு கெடுவது. நிஜமான புரோஸ்டேட் பெருக்கம் 40க்குக் கீழ் அபூர்வம். ஐம்பதுகளில் பாதிப்பேருக்குத் திசு அளவில் அது இருக்கும். என்னைப் போன்றவரின் புரோஸ்டேட்டை லேசரில் குடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இப்போது சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தளர்த்தும் டாம்சுலோசின் வகை மாத்திரை எடுக்கிறேன். சில நாட்களிலேயே வித்தியாசம் தெரிந்தது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், விந்து குறையலாம், மாத்திரையை நிறுத்தினால் அது பழையபடி ஆகிவிடும் என்றெல்லாம் எழுதுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். இந்த வகையிலேயே சைலோடோசினில் விந்து குறைவது அதிகம் என்பதால் எனக்கு அதைத் தவிர்த்தார். மாத்திரை போதவில்லை என்றால் கழுத்துப் பகுதியில் சின்னதாக ஒரு கீறல் போடலாம், அதில் விந்து பின்னோக்கிப் போகும் ஆபத்து குறைவு, இருந்தாலும் அதற்கு முன் விந்தணுவை உறையவைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள் என்றார். முழுக்கச் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. இரவில் ஒரு தடவை எழுந்திருக்கிறேன், கூட்டமான கழிப்பறையில் இன்றும் தயக்கம் இருக்கிறது.

நிஜ அவசரம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். முட்டிக்கொண்டு வலிக்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அன்றே மருத்துவமனை. குளிரோடு காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் பலம் குறைவது என்றாலும் அப்படித்தான். இவை எதுவும் இல்லாமல், சில வருடமாக இருக்கும் தொந்தரவுக்கு நாளை மறுநாளே ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், ஃப்ளோ டெஸ்ட் எங்கே, கிரியாட்டினின் எவ்வளவு, விந்து என்ன ஆகும் என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். அறிக்கையின் பிரதியை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "ஆலோசனைக் கட்டணத்தில் கழிந்துவிட்டது" என்றார்கள், அந்த இலவச ஆலோசனைக்குத்தான். போனில் பேசிய டாக்டரின் மருத்துவப் பதிவு எண்ணைத் தரும்படி எழுத்தில் கேட்டேன். பதிவு எண் வரவில்லை, பணத்தில் ஒரு பகுதி வந்தது. மாத்திரை டப்பாக்களுக்கான தொகை இன்னும் பாக்கி. பிரிக்காத மூன்றாம் கட்ட டப்பாவைத் திருப்பி அனுப்பி, ரசீதை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.