சேலமா, ஆத்தூரா: மோட்டார் கடைக்கு எது தோது?

எரிந்த மோட்டாருக்குப் புதுக் காப்பர் வயர் சுற்றிக் காயில் கட்டும் தொழிலில் தனிக்கடை போட நினைத்தபோது இரண்டு ஊர்கள் எதிரே நின்றன: வேலை பழகிய சேலம், சொந்த ஊருக்குப் பக்கமான ஆத்தூர். ஆத்தூரில்தான் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வாடகை, அட்வான்ஸ், நெரிசல் எல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். சரக்கு விஷயத்தில் சேலத்துக்கு ஈடில்லை. காப்பர் வயர், பேரிங், கெபாசிட்டர் எது தீர்ந்தாலும் பையனை அனுப்பினால் வந்துவிடும். ஆத்தூரிலிருந்து அங்கே போக 50 கிலோமீட்டர் சொச்சம். வாழப்பாடி வழியாகப் போய்த் திரும்பினால் பாதி நாள் காலி. அதனால் பேரிங் எப்போதும் கூடுதலாகவே வாங்கி வைப்பேன்.

எனக்கு முடிவு செய்தது பாக்கிதான்.

சேலத்தில் வருவது பெரும்பாலும் வீட்டு மோட்டார், அபார்ட்மென்ட் போர்வெல் மோட்டார். ஜிபே போட்டுவிட்டு எடுத்துப் போவார்கள். ஆத்தூரில் வருகிறவர்களில் பாதிப் பேர் கிழங்குக்காரர்கள். மரவள்ளி நட்டால் காசைப் பார்க்கப் பத்து மாதம் போல ஆகும். நடுவே கோடையில் மோட்டார் புகைந்தால், "கிழங்கு வெட்டினதும் தந்துடறேன்ணா" என்பார்கள். காட்டில் பயிர் காயும்போது முடியாது என்று சொல்ல வாய் வராது. எரிந்த பழைய காப்பரை எடைபோட்டுக் கழித்து, மிச்ச வயர் காசை மட்டும் முதலில் வாங்குவேன். கூலி நோட்டுக்குப் போகும்.

வெட்டிய கையோடும் வராது. கிழங்கை வாங்கும் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில், அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை. பாயிண்ட் குறைந்தாலோ, ஜவ்வரிசி விலை இறங்கினாலோ என் நோட்டிலும் தவணை தள்ளிப் போகும். ஜவ்வரிசி விற்றுக் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் மூட்டை என்ன விலைக்குப் போகிறது என்று மோட்டார் கடைக்காரன் விசாரிப்பது இந்தப் பக்கத்தில்தான் நடக்கும்!

ஆனால் அடியோடு முழுகும் பாக்கி இங்கே குறைவு. எந்தத் தோட்டம், யாருக்கு மச்சான் என்பது வரை தெரியும். பழையதைத் தீர்க்காமல் அடுத்த மோட்டாரை இறக்கக் கூச்சப்படுவார்கள். தீர்க்க வரும்போது பக்கத்துத் தோட்டக்காரரையும் கூட்டி வருகிறவர்கள் உண்டு. சேலத்தில் நான் வேலை பார்த்த கடையில், காயில் கட்டி முடித்த மோட்டார்கள் கேட்பாரின்றி மூலையில் கிடக்கும். போன் எடுக்க மாட்டார்கள். வீடு எங்கே என்றும் தெரியாது.

ஒன்று, சேலத்தில் நான் கூலிக்கு இருந்தவன், கல்லாவில் உட்கார்ந்ததில்லை. அங்கே மாதக் கடைசியில் முதலாளி கையில் என்ன நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். வேலை பழகிய பையன்கள் இங்கே தங்குவதில்லை என்பதும் உண்மை, கோயம்புத்தூர் இழுத்துக்கொள்கிறது.

அப்புறம், ஒரு கோடை முழுக்கக் கூலியை நோட்டில் எழுதியே கடையை ஓட்டக் கையில் காசு வேண்டும். வாராவாரம் வட்டி கட்டுகிற நிலையில் தொடங்குகிறவருக்குச் சேலமே தோது.