திருத்தமா, திரும்பப் பெறுதலா?

ஏற்காடு காபித் தோட்ட மண் பற்றிய எங்கள் கட்டுரை வெளியான பிறகுதான் கண்ணில் பட்டது: அட்டவணையில் ஒரு மாதிரியின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.6 என்பது 6.5 ஆகியிருந்தது. சேலத்தில் டீ குடித்துக்கொண்டே, "யாரு சார் கவனிக்கப் போறாங்க?" என்றார் உடன் எழுதியவர். அந்த எண்ணை நம்பி யாராவது அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்பை மண்ணுக்குப் போடாமல் விட்டால்?

முடிவு மாறாமல் ஓர் எண் மட்டும் பிசகியிருந்தால் திருத்தம் போதும். இதழாசிரியருக்கு மடல், உடன் எழுதிய எல்லோரின் சம்மதம், கட்டுரையோடு சேரும் சிறு அறிவிப்பு. மானம் ஒன்றும் போகாது.

கட்டுரையையே திரும்பப் பெறுவது வேறு கதை. தரவே நம்பத்தகாதது, அடுத்தவருடையதைச் சுட்டது, ஒரே ஆய்வை இரண்டு இதழில் போட்டது என்றால் அதுதான் வழி. 1997இல் தொடங்கிய, ஆய்வு வெளியீட்டு நெறிகளுக்கான 'கோப்' (COPE) அமைப்பின் வழிகாட்டுதல்படி, ஏன், யார் திரும்பப் பெறுகிறார்கள் என்று அறிவிப்பு சொல்ல வேண்டும். அதைப் படிக்கக் கட்டணம் கூடாது. கட்டுரை பொதுவாக மறையாது, அதன்மேல் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை விழும். நேர்மையான பிழை பெரிதானாலும் இதே கதிதான். திரும்பப் பெற்றாலே திருட்டு என்று நினைப்பது நம்மூர் வழக்கம்.

ஆய்வக நோட்டைப் புரட்டி மற்ற மாதிரிகளையும் ஒப்பிட்டோம். பிசகு அந்த ஒன்றில்தான். திருத்தம் அனுப்பினோம்.