பெட்ரோல் தொட்டி மாற்றமும் அதன் தாங்கு அமைப்பும்: ஐந்தாண்டு அனுபவம்

காரைக்குடியில் என் ஐயா கட்டிய வீட்டின் இரண்டாங்கட்டில், நானும் என் அத்தானும் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இருவர் அமரும் சிறு விமானத்தில், முதலில் 40 லிட்டர் கண்ணாடியிழைத் தொட்டிதான் இருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறிய அதன் பாலியெஸ்டர் பிசின் இளகி, வடிகட்டியில் பிசுபிசுப்பாகப் படியத் தொடங்கியது. உட்பூச்சு அடித்தால் அதுவும் பின்னாளில் உரிந்து குழாயை அடைக்கக்கூடும் என்பதால், ஐந்தாண்டுகளுக்கு முன் அலுமினியத் தொட்டிக்கு மாறினோம்.

5052 வகைத் தகடு, 1.27 மி.மீ. தடிமன், பெட்ரோல் அலம்பாமலிருக்க உள்ளே இரண்டு தடுப்புகள். ஆர்கான் வெல்டிங் உள்ளூரிலேயே நடந்தது. சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதி, இத்தகைய தொட்டிகள் சதுர அங்குலத்துக்கு 3.5 பவுண்டு அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று நெடுங்காலம் வரையறுத்திருந்தது. காற்றடைத்துச் சோதிப்பதில், தொட்டி வெடித்தால் காயம் நேரும். ஆகவே தொட்டியை வளவு முற்றத்தில் வைத்து நீர் நிரப்பி, மாடிக் கைப்பிடியில் கட்டிய ஒளிபுகும் குழாயில் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்தினோம். அந்த உயரமே ஏறக்குறைய அந்த அழுத்தத்தைத் தந்துவிடுகிறது. ஓர் இரவு முழுவதும் நீர்மட்டம் இறங்கவில்லை.

தொட்டி தேறியது, அதைத் தாங்கிய முறைதான் தேறவில்லை. நிரம்பிய பெட்ரோலின் எடை சுமார் 29 கிலோ. அவசரத் தரையிறக்கத்தில் முன்னோக்கி ஒன்பது மடங்கு விசை வரலாம் என்று கணக்கிட்டால், இருக்கைகளுக்குப் பின்னாலிருந்து 260 கிலோ நம் முதுகை நோக்கி வருகிறது. அந்த அச்சத்தில் இரண்டு எவர்சில்வர் பட்டைகளைக் கம்பளித் துண்டுகளின் மேல் வைத்து, அசையவே முடியாதபடி முறுக்கிவிட்டோம். கம்பளியும் தவறு, அந்த இறுக்கமும் தவறு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பளி உறிஞ்சிய ஈரம் காயாமல் நின்று, இரண்டாம் ஆண்டில் பட்டைக்கு அடியில் அலுமினியத்தில் சிறு குழிகள் விழுந்திருந்தன. மெத்தைப் பொருள் திரவத்தை உறிஞ்சக் கூடாது என்பது அதே விதித்தொகுப்பில் தெளிவாகவே இருந்தது. படித்திருந்தும் நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த கோடையில் கீழ்மூலை வெல்டிங் அருகே நீலக் கறை தெரிந்தது. எங்கள் ரோடாக்ஸ் 912 இயந்திரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் ஆகாது என்பதால் அதற்குள் ஏவிகாஸ் என்னும் நீலச் சாயமுள்ள விமானப் பெட்ரோலுக்கு மாறியிருந்தோம். மயிரிழை விரிசலைக் காட்டிக்கொடுத்தது அந்தச் சாயம்தான். பட்டை இறுகிப் பிடித்திருந்ததால், உடற்சட்டம் முறுக்கப்பட்டபோதெல்லாம் அந்த விசை மூலைக்கே சென்றிருக்கிறது.

விரிசலை அடைக்கும் முன் தொட்டியை வெந்நீரில் பலமுறை கழுவி, ஆர்கான் வாயுவை நிரப்பிய பிறகே வெல்டிங் செய்யவிட்டோம். காலித் தொட்டியில் தங்கும் ஆவிதான் வெடிக்கும். இதில் அவசரம் கூடவே கூடாது.

இப்போது தொட்டியின் அடிப்பரப்பு முழுவதும் பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் விரிப்பில் அமர்ந்திருக்கிறது. முன்னோக்கிய விசையைப் பட்டைகள் தாங்குவதில்லை. சட்டத்தோடு ரிவெட் அடித்த குறுக்குத் தாங்கி தாங்குகிறது. வெளியேறும் குழாயில் வளையும் இணைப்பு சேர்த்தோம். பட்டையின் இறுக்கம், கையால் அழுத்தினால் தொட்டி நகராத அளவோடு நிற்கிறது. ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் பட்டைகளைக் கழற்றிப் பார்க்கிறோம். மூன்று ஆண்டுகளாகப் புதிய குழியும் இல்லை, நீலக் கறையும் இல்லை.